பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரை கடலோர நடை: நம்ம ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2019 மாசியில் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஏழு பேர் கிளம்பிப் போய், பூம்புகாரில் தொடங்கி வேளாங்கண்ணி வரைக்கும் கடலோரமாக நடந்தோம். நாலு பெண்கள், மூன்று ஆண்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டு வந்தாயிற்று. கல்யாண வீட்டில், ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில், யாரைப் பார்த்தாலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

கடலே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு கடற்கரையில நடக்கணும்னு எப்படிங்க தோணுச்சு?

ஒகேனக்கல்தான் காரணம். ஆடிப்பெருக்குக்கு வருஷா வருஷம் அங்கே போய்க் குளித்துவிட்டு வருகிறோம். அந்தத் தண்ணீர் மேட்டூர், கல்லணை எல்லாம் தாண்டி எங்கே போய் முடிகிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. காவிரி என்ற பெயரோடு அது கடலில் சேரும் இடம் பூம்புகார். அங்கேயும் அதே ஆடிப்பெருக்கு.

பூம்புகாரோடு காவிரி முடிந்துவிடுவதில்லை என்பது நடந்தபோதுதான் உறைத்தது. தெற்கே போகப் போக நண்டலாறு, அரசலாறு, திருமலைராஜனாறு, வெட்டாறு, கடுவையாறு என்று வரிசையாகக் கடலுக்கு வருகின்றன. எல்லாம் காவிரிப் பாசனத்தின் கிளைகளும் வடிகால்களும்தான். ஒகேனக்கல்லில் ஒரே இடத்தில் கொட்டுகிற ஆறு இங்கே விரல் விரலாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த ஒவ்வொரு விரலையும் தாண்டித்தான் வேளாங்கண்ணி போக வேண்டும்.

மொத்தம் எவ்வளவு தூரம், எத்தனை நாள் ஆகும்?

கரையை ஒட்டி அளந்தால் சுமார் 50 கி.மீ. ஆறுகளையும் துறைமுகத்தையும் சுற்றிப் போவதைச் சேர்த்தால் 60 கிட்ட வரும். நாங்கள் நாலு நாள் நடந்தோம். முதல் நாள் பூம்புகார் – தரங்கம்பாடி, இரண்டாம் நாள் தரங்கம்பாடி – காரைக்கால், மூன்றாம் நாள் காரைக்கால் – நாகூர், நாலாம் நாள் நாகூர் – நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி. போக ஒரு நாள், வர ஒரு நாள். ஆறு நாள் லீவு இருந்தால் போதும்.

போக வேண்டிய வழி: சேலம், அங்கிருந்து சிதம்பரம், பிறகு சீர்காழி வழியாகப் பூம்புகார். முதல் நாள் ராத்திரி சீர்காழியிலேயே தங்கிவிட்டு, விடியற்காலை டவுன் பஸ்ஸில் பூம்புகார் போவது எங்களுக்குச் சரியாக வந்தது.

வடக்கே இருந்து தெற்கே நடக்கணுமா, தெற்கே இருந்து வடக்கேயா?

மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே நடந்தால் அது முதுகில் தள்ளும். வடக்கே நடந்தால் நாள் முழுக்க மணல் கண்ணில் அடிக்கும்.

தெற்கே நடப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. கடல் எப்போதும் இடது கைப்பக்கம். காலை வெயிலும் அந்தப் பக்கம்தான். நாலாம் நாள் எங்கள் எல்லோருக்கும் இடது கன்னமும் இடது காதும் மட்டும் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. தலைக்கு ஒரு துண்டு போதும் என்று நினைக்காதீர்கள். காதையும் சேர்த்து மூடிக் கட்டுங்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

மாசி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்த நாகப்பட்டினம் – வேதாரண்யம் பக்கம்தான். பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது.

தையிலேயே போகலாமே என்று கேட்பார்கள். போகலாம்தான். ஆனால் மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடுகிற வரைக்கும் டெல்டா ஆறுகளில் தண்ணீர் ஓடும். மூடிக் கொஞ்ச நாள் போனால் ஓட்டம் குறைந்து, பல இடங்களில் அலையே மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிடும். நடக்கிறவர்களுக்கு அது பெரிய வசதி. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வத்தல்மலை, தீர்த்தமலை எல்லாம் ஏறி இறங்கற ஆளுங்க நாங்க. மணல்ல நடக்கறது எல்லாம் ஒரு விஷயமா?

நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். முதல் நாள் பத்து மணிக்கெல்லாம் கெண்டைக்கால் இறுகிவிட்டது. மலையில் கால் வைத்தால் பாறை தாங்கும். காய்ந்த மணலில் ஒவ்வொரு அடியும் பின்னால் நழுவும். போதாததற்குக் கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். தெற்கே நடந்தால் நாள் முழுக்க இடது கால் பள்ளத்தில், வலது கால் மேட்டில். மூன்றாம் நாள் இடுப்பு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் காரணம் புரிந்தது.

அலை வந்து திரும்புகிற ஈர மணல் கெட்டியாகவும் ஓரளவு சமமாகவும் இருக்கும். அதில் நடங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரையேறி, சவுக்குத் தோப்பு வழியிலோ ஊர்த் தெருவிலோ கொஞ்ச தூரம் நடந்தால் இடுப்புக்கு ஓய்வு கிடைக்கும். பயிற்சிக்கு மலை வேண்டாம். தென்பெண்ணை வற்றியிருக்கும்போது இருமத்தூர், அனுமன்தீர்த்தம் பக்கம் ஆற்று மணலில் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் நடந்தால் போதும். அடுத்த தடவை அப்படித்தான் செய்தோம், வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

ஷூ போடணுமா, செருப்பு போதுமா, வெறுங்காலா?

ஈர மணலில் வெறுங்கால். மற்ற எல்லா இடத்திலும் பின்பக்கம் வார் வைத்த செருப்பு. ஷூவுக்குள் மணல் புகுந்தால் ஒரு மணி நேரத்தில் கொப்புளம்.

வெறுங்காலோடு மேட்டு மணலுக்கு மட்டும் ஏறிவிடாதீர்கள். அங்கே ராவணன் மீசை என்று ஒரு புல் படர்ந்து கிடக்கும். அதன் காய் பந்து மாதிரி இருக்கும், சுற்றிலும் விறைத்த ஊசிகள். காய்ந்ததும் பிய்த்துக்கொண்டு காற்றில் மணல்மேல் உருண்டு போகும். பார்க்கக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் தெரியும். எங்களோடு வந்த ஒரு தம்பி அதைத் துரத்திப் பிடிக்கப் போய், காலில் குத்திய முள்ளை இரண்டு நாள் கழித்து காரைக்காலில் ஒரு நர்ஸ் எடுத்துவிட்டார். பக்கத்திலேயே ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியில் காலை வைத்தால் ஒன்றும் செய்யாது.

ஓதம் ஓதம்னு சொல்றீங்களே, அது எப்ப ஏறும் எப்ப வத்தும்னு நமக்கு எப்படித் தெரியும்?

ஓதம் என்றால் கடல் மட்டம் ஏறி இறங்குவது. கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். இன்றைக்குக் காலை 6 மணிக்கு வற்றியிருந்தால் நாளைக்கு ஏறக்குறைய 6.50-க்கு வற்றும், தினமும் 50 நிமிஷம் போலத் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதல். அஷ்டமி, நவமி பக்கம் குறைச்சல். நம் கரையில் மொத்த வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஊரை முழுக்கிவிடாது. ஆனால் கெட்டி மணல் இருக்குமா, கல் கொட்டிய இடத்தில் கால் வைக்க வழி இருக்குமா, ஆற்று வாயைத் தாண்ட முடியுமா என்பதையெல்லாம் அந்த ஒரு மீட்டர்தான் முடிவு செய்யும்.

நேரத்தைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். பார்த்ததோடு நிறுத்தாமல், கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, கடல் இப்ப ஏறுதா, வத்துதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏறுது, வத்துது என்பதோடு சேர்த்து எந்த ஊர் முன்னால் கல் கொட்டியிருக்கிறார்கள், எங்கே தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவார். அலை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் வளைத்துப் போடும் கல் சுவருக்குத்தான் அங்கே தூண்டில் வளைவு என்று பெயர். அந்தக் கற்களின்மேல் ஏறித் தாண்ட வேண்டாம். பாசி படிந்து வழுக்கும்; தெருவுக்குள் போய்ச் சுற்றி வாருங்கள்.

நான் ஒரு நாளைக்கு 30 கி.மீ. நடப்பேன். ரெண்டே நாள்ல முடிச்சிடலாமே?

கால் தாங்கலாம். வழி விடாது. இந்த நடையில் கிலோமீட்டரை வைத்து நாளைத் திட்டமிடக்கூடாது. ஆற்று முகத்துவாரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். ஒரு நாளில் ஒரு முகத்துவாரம் என்றால் நிம்மதி, இரண்டு என்றால் அவசரம். அவசரத்தில்தான் தப்பு நடக்கும். என்ன தப்பு என்பது அடுத்த பதிலில்.

ஆறு கடல்ல சேர்ற இடத்துல முட்டியளவு தண்ணிதானே இருக்கு. இறங்கித் தாண்டினா என்ன?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். தயவுசெய்து இதை மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

முதல் தடவை, இரண்டாம் நாள் காலை. முன்னால் ஓர் ஆற்று வாய், அகலம் முப்பது அடி இருந்தால் அதிகம். தண்ணீர் கலங்காமல், அடியில் மணல் வரி வரியாகத் தெரிந்தது. எங்களில் ஓர் அண்ணன் பேண்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். பாதி தூரம் முட்டியளவுதான். அடுத்த அடியில் காலுக்குக் கீழே மணல் அப்படியே கரைந்து போய், நெஞ்சுவரை தண்ணீர். உடம்பு நேராகக் கடல் பக்கம் நகர்ந்தது. எதிர்க்கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்று, "மூட்டையை விடு! மூட்டையை விடுப்பா!" என்று கத்தினார். விட்ட பிறகுதான் அண்ணனுக்குக் கை நீட்டி நீந்த முடிந்தது. பெரியவர் கயிற்றை வீசிப் பிடித்து இழுத்தார். மூட்டை போனது போனதுதான்.

நடந்தது என்னவென்று அவரே விளக்கினார். கடல் ஏறும்போது தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்து உள்ளே கழி (கரைக்குள் தேங்கும் உப்புநீர்ப் பரப்பு) முழுக்க நிரம்பிவிடும். கடல் வற்றும்போது அவ்வளவும் அந்தச் சின்ன வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மேலே அமைதியாகத் தெரியும், கீழே மணலை அறுத்துக்கொண்டு ஓடும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் மடு. போன வாரம் மேடாக இருந்த இடம் இந்த வாரம் மடுவாக இருக்கும். அதனால் போன வருஷம் தாண்டினோம் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

அன்றைக்குப் பிறகு எங்கள் வழக்கம் இதுதான். மணல் முழுக்க அடைத்து, ஊர்க்காரர்கள் சாதாரணமாக மேலே நடந்து போய்வந்தால் நாங்களும் நடப்போம். தண்ணீர் ஓடினால், ஆழம் கணுக்காலே ஆனாலும் இறங்க மாட்டோம். யாராவது படகில் கொண்டுபோய் விட்டால் காசு கொடுத்துப் போவோம். இல்லாவிட்டால் ஆற்றின் கரையோடு உள்ளே நடந்து, ரோட்டுப் பாலத்தில் தாண்டி மறுபடி கடலுக்கு வருவோம். சில இடத்தில் இரண்டு மூன்று கி.மீ. கூடுதலாகும். ஆகட்டும்.

ரோட்டுல போறதும் பஸ் ஏறறதும் நடைக்கணக்குல வருமா? அப்புறம் கடலோரமா நடந்தோம்னு எப்படிச் சொல்றது?

தாராளமாகச் சொல்லலாம். காரைக்காலுக்குத் தெற்கே துறைமுகம் இருக்கிறது, அதற்குள் நடக்க விடமாட்டார்கள். நாகப்பட்டினத்திலும் கடுவையாற்று வாயில் மீன்பிடித் துறைமுகம். இந்த இரண்டு இடத்திலும் யாராக இருந்தாலும் ரோட்டுக்குத்தான் வர வேண்டும். மூன்றாம் நாள் பாதி தூரம் நாங்கள் பஸ்ஸில் போனோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போலீஸ், பர்மிஷன் ஏதாவது வேணுமா?

இந்த வழியில் பொதுக் கடற்கரையில் பகலில் நடக்க அனுமதி வாங்க வேண்டியதில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசார் ரோந்து வருவார்கள், எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆளுக்கொரு ஆதார் நகல் வைத்திருங்கள். காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் வருகிறது, அதனால் நண்டலாற்றைத் தாண்டியதும் அதிகாரிகள் வேறு. குழுவில் யாராவது அங்கே பாட்டில் வாங்கினால் தமிழ்நாட்டு எல்லைச் சோதனையில் எல்லோருக்கும் சிக்கல்; முன்னாலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இன்னும் தெற்கே கோடியக்கரை வரை போக நினைத்தால் அது வனவிலங்கு சரணாலயம். வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

டென்ட் போட்டுக் கடற்கரையிலேயே படுத்துக்கலாமா?

வேண்டாம். நாய்கள் இருக்கின்றன, விடிகாலை மூன்று மணிக்கே படகு தள்ள ஆள் வருவார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் வேறு. டார்ச் வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி எல்லா இடத்திலும் தங்க அறை கிடைக்கும்.

தரங்கம்பாடியில் சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டை கடலுக்கு எதிரிலேயே நிற்கிறது. 1845-ல் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில், அலை தொடுகிற தூரத்தில். கோயிலின் பெரும்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. முதல் நாள் நடந்த களைப்பில் அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் எனக்கு மறக்காது.

சாப்பாடு, தண்ணிக்கு என்ன பண்றீங்க?

கடலோரம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அங்கேயும் கேன் தண்ணீர்தான். ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துக்கொண்டு ஊர் வரும்போதெல்லாம் நிரப்பிக்கொள்வோம். வீட்டிலிருந்து புளிச்சோறு (முதல் நாளுக்கு), வறுத்த நிலக்கடலை, வெல்லம், ராகி மாவு. விடியற்காலையில் அறையிலேயே சின்ன அடுப்பில் ராகிக் கூழ் காய்ச்சி, உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினால் பதினோரு மணிவரை பசிக்காது. மதியம் ஏதாவது ஓர் ஊரில் மீன் குழம்புச் சாப்பாடு. ஆளுக்கு மூட்டை 6 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, அதில் பாதி தண்ணீர்.

பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதி இருக்கா? பயமில்லாம போலாமா?

கரையில் வசதி இல்லை. காலையில் அறையிலேயே முடித்துக்கொள்வோம். நடுவில் தேவைப்பட்டால் ஊருக்குள் போய் ஒரு வீட்டில் "அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போகணும்" என்று கேட்போம். மூன்று பயணத்தில் ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொன்னதில்லை. ஒரு வீட்டில் டீயும் கொடுத்தார்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள். அப்படி நடந்த ஒரு தோழி நீர்க்கடுப்பில் அவதிப்பட்டாள். மாதவிடாய் நாளானால் பயன்படுத்தியதைக் கட்டி எடுத்துவந்து தங்கும் ஊரில் போட வேண்டும், மணலில் புதைக்கக்கூடாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பெண்கள் நாலு பேராவது சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போது மட்டும் நடந்தால் பயமில்லை. ஆளில்லாத சவுக்குத் தோப்புக்குள் தனியாகப் போகாதீர்கள்.

மீனவர் ஊருக்குள்ள புகுந்து போனா ஏதாவது சொல்ல மாட்டாங்களா?

நம் களத்து மேட்டில் முன்பின் தெரியாத ஏழு பேர் வந்து நின்றால் நாம் என்ன நினைப்போம்? அவர்களுக்குக் கரைதான் களம். வலையை மிதிக்காதீர்கள், கயிற்றைத் தாண்டும்போது பார்த்துத் தாண்டுங்கள், கருவாடு காயும் இடத்தைச் சுற்றிப் போங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

சின்னங்குடிக்குப் பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கயிற்றுக்கு இருபது பேர், ஒரே தாளத்தில் பின்னால் நடக்கிறார்கள். நாங்களும் பிடித்தோம். அரை மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. வலை கரைக்கு வந்தபோது உள்ளே இரண்டு கூடை சின்ன மீன், கொஞ்சம் சொறி (ஜெல்லி மீன்), நிறைய பிளாஸ்டிக். இருபது பேருக்கு அவ்வளவுதான் கூலி. அதிலும் எங்களுக்கு ஒரு கை மீன் எடுத்துக் கொடுக்க வந்தார்கள்.

எங்கம்மா சுனாமி வரும்னு பயப்படறாங்க. என்ன சொல்லிச் சமாளிக்க?

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம், ஆறாயிரம் பேருக்கு மேல். வழியில் நினைவிடங்கள் வரும். அங்கே சிரித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள்.

இப்போது ஹைதராபாதில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதையும் தாண்டி, நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் ஊருக்குள் ஓடி உயரமான கட்டடத்தில் ஏறச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்களில் புயல் பாதுகாப்புக் கட்டடம் எங்கே என்று போகும்போதே பார்த்து வைப்போம். உண்மையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் குளியல்தான். அலையின் இழுப்பு தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகள் ஒகேனக்கல்லில் நீந்திய தைரியத்தில் கடலில் இறங்குவார்கள். எங்கள் குழுவில் முட்டிக்கு மேல் யாரும் இறங்கக்கூடாது.

நடுவுல ஒருத்தருக்கு முடியாம போயிட்டா?

கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கும் வெகுதூரமில்லை. ஓர் ஊரில் ஏறி ரோட்டுக்கு வந்தால் பஸ். அவசரமென்றால் 108, கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554. முடியாதவரைத் தனியே அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போகட்டும்.

வேளாங்கண்ணி பாதயாத்திரைக் கூட்டத்தோட சேர்ந்துக்கலாமா?

அது வேறு நடை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்தி ரோட்டு வழியாக வருவார்கள். நேர்ச்சையோடு நடக்கிறவர்கள் நடுவே சுற்றுலாவாகப் போவது சரியில்லை என்பது என் எண்ணம். அந்த மாதத்தில் அறையும் கிடைக்காது.

நாங்க கிருஷ்ணகிரி. எங்க ஆறு தென்பெண்ணை. அது கடல்ல சேர்ற இடத்துல ஆரம்பிச்சு பூம்புகார் வரைக்கும் நடக்க முடியுமா?

கிருஷ்ணகிரி அணையைத் தாண்டும் அந்தத் தண்ணீர் கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது. அங்கிருந்து பூம்புகார் நேராக 70 கி.மீ. போல இருக்கும். வழி கடினம். தேவனாம்பட்டினம் முடிந்ததுமே கெடிலம், கடலூர் துறைமுகம். அதன் பிறகு சாமியார்பேட்டை வழியாகப் பரங்கிப்பேட்டை வரை நல்ல நீளமான கரை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அடுத்து பிச்சாவரம் அலையாத்திக் காடு, அடுத்து கொள்ளிடம். இந்த மூன்றையும் நடந்து தாண்ட நினைக்கவே கூடாது. முகத்துவாரம் பற்றி மேலே சொன்னது கொள்ளிடத்துக்குப் பத்து மடங்கு.

எனக்குத் தோன்றும் வழி இது. தாழங்குடாவில் தொடங்கிப் பரங்கிப்பேட்டை வரை இரண்டு நாள் நடை, நடுவில் துறைமுகத்துக்கு மட்டும் பஸ். மூன்றாம் நாள் பிச்சாவரத்தில் படகு, ராத்திரி சிதம்பரம். நாலாம் நாள் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கொள்ளிடம் பாலம் தாண்டிப் பழையாறு. அங்கிருந்து திருமுல்லைவாசல் வழியாகப் பூம்புகார் இரண்டு நாள். திருமுல்லைவாசலிலும் ஓர் ஆற்று வாய் இருக்கிறது. படகு கிடைக்காவிட்டால் சுற்ற வேண்டும். வருகிற மாசியில் நாங்கள் போக இருப்பது இந்த வழியில்தான். அதற்கு முன்னால் நீங்கள் போய்வந்தால், எந்த வாய் அடைத்திருந்தது, எது ஓடியது என்று தேதியோடு குறித்து வந்து சொல்லுங்கள்.